விற்பது சத்தமா, வலுவா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. கடை பூட்ட இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி வந்தார். பஞ்சிகாவத்தையில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்ததில், வருகிறவரின் கையைப் பார்த்தே ஓரளவு விளங்கிவிடும். வேன் வைத்திருப்பவர் உடைந்த சாமானைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு வருவார். கராஜ் பாஸ் கிறீஸ் பட்ட துண்டுக் கடதாசியோடு வருவார். வேக வாகனம் வைத்திருப்பவர் தொலைபேசியோடு மட்டும்தான் வருவார். இந்தத் தம்பியும் தொலைபேசியைத்தான் நீட்டினார். படத்தில் சிவப்பு நிறத்தில் கூம்பு வடிவ எயார் பில்டர் ஒன்று, அதோடு பளபளவென்று ஓர் அலுமினியப் பைப்.

"அங்கிள், இந்த செட் இருக்கா? டபிள்யூ.ஆர்.எக்ஸுக்கு."

இருந்தது. ராக்கையில் இரண்டு பெட்டி இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. கம்பியூட்டர் டியூன் செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். என்ன பெற்றோல் அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். சில நேரம் 95, சில நேரம் 92 என்றார். பழைய பைப்பின் உள்ளளவு தெரியுமா என்று கேட்டதும் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "சும்மா பில்டர்தானே அங்கிள், இதுக்கு ஏன் இவ்வளவு கேள்வி?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பத்து நிமிடத்தில் அதே மாதிரிப் பெட்டி ஒன்றைக் கையில் பிடித்தபடி எங்கள் கடைக்கு முன்னாலேயே நடந்து போனார்.

என் மகன் கல்லாவில் நின்றவன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வாப்பா, நீங்க இப்பிடிக் கேட்டுக்கொண்டிருந்தா எல்லாரும் பக்கத்துக் கடைக்குத்தான் போவாங்க. அவன் காசு கொண்டு வந்தான், சாமான் கேட்டான், கொடுத்தா முடிஞ்சுதே" என்றான். அவன் சொன்னதில் வியாபார நியாயம் இருக்கிறது. அன்றிரவு அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இந்த வாரக் கட்டுரை அந்தப் பதில்தான். மோட்டார் சாமானோடு சம்பந்தமில்லாத வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் புடைவைக் கடைக்காரரும் ஹாட்வெயார்க்காரரும் இதில் தங்கள் கடையைக் கண்டால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

முதலில் இந்தச் சாமான் என்ன செய்கிறது என்று பார்ப்போம். எஞ்சின் பெற்றோலில் ஓடுகிறது என்று நாம் சொன்னாலும், அது குடிப்பதில் பெரும்பகுதி காற்றுத்தான். ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். 2 லீற்றர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுற்றும்போது செக்கனுக்கு 100 லீற்றர் வரை காற்றை இழுக்கும். டர்போ இருந்தால் அதைவிட மிக அதிகம். ஆகவே காற்று வரும் வழியை இலகுவாக்கினால் வலு கூடும் என்ற கணக்கு பிழையில்லை. பெட்டியில் அச்சடித்திருப்பதும் அதுதான். பொய் என்று சொல்ல முடியாது. பாதிக் கதை என்று சொல்லலாம்.

மீதிக் கதை அந்தக் கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இருக்கிறது. வாங்குகிறவர்கள் கழற்றி எறிவது அதைத்தான். கம்பனிக்காரன் செலவைக் குறைக்கப் போட்ட மலிவுப் பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதன் மூக்கு முன் கிறில் பக்கமாக அல்லது மட்கார்ட் பக்கமாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கத்தான் அந்த ஏற்பாடு. பெட்டி மூடியிருப்பதால் எஞ்சின் சூடு உள்ளே வராது. அதைக் கழற்றிவிட்டு ஒரு கூம்பை மட்டும் பூட்டினால், அது பொனட்டுக்குள் இருக்கும் கொதிக்கிற காற்றைத்தான் இழுக்கும். காற்றின் சூடு 10 பாகை கூடினால் அதன் அடர்த்தி சுமார் 3 வீதம் குறையும். மருதானைச் சந்தியில் சிக்னலில் நிற்கும் வாகனத்தின் பொனட்டுக்குள், அதுவும் டர்போவுக்குப் பக்கத்தில், சூடு எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் வழியை அகலமாக்கி, மறுபக்கம் காற்றை மெல்லியதாக்கி விடுகிறோம்.

அப்படியானால் பூட்டியவர்கள் எல்லாரும் வாகனம் பறக்கிறது என்கிறார்களே? கேட்பது சத்தத்தை. அந்தப் பெட்டியும் அதோடு சேர்ந்த வெற்று அறைகளும் காற்று உறிஞ்சும் இரைச்சலை அடக்கத்தான் இருக்கின்றன. அவை போனதும் எஞ்சின் மிதிக்க மிதிக்க உறுமும், டர்போ விசிலடிக்கும். காது கேட்பதைக் கால் நம்பிவிடுகிறது. 1996இல் வந்த சுபாரு இம்ப்ரேசா எஸ்.டி.ஐ. வேர்ஷன் 3 வாகனத்துக்கு ஜப்பானில் 280 குதிரைவலு என்று விளம்பரம். அக்காலத்தில் ஜப்பானியக் கம்பனிகள் அதற்கு மேல் விளம்பரப்படுத்துவதில்லை என்று தங்களுக்குள் ஓர் உடன்பாடே வைத்திருந்தன. வெறும் 2 லீற்றர் எஞ்சினில் அந்த வலுவை எடுத்தது மூடிய பெட்டியை வைத்துக்கொண்டுதான்.

இதெல்லாம் வலு கூடவில்லை என்ற கவலை மட்டுமென்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். காசு கொடுத்துச் சத்தம் வாங்கினார் என்று விட்டுவிடலாம். எனக்குப் பயம் வேறொன்றில். அதை நான் படித்தது ஒரு வாடிக்கையாளரின் செலவில்.

2005ஆம் ஆண்டு. நான் கடையைத் தனியாக நடத்தத் தொடங்கி சில வருடங்கள். அக்குறணையைச் சேர்ந்த ஒரு வியாபாரியின் மகன், அவரும் இம்ப்ரேசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். வைத்திருந்தவர், என்னிடம் பைப்பும் பில்டரும் சேர்ந்த செட் ஒன்றை 18,000 ரூபாவுக்கு வாங்கினார். "பூட்டினாச் சரியா நானா, வேற ஒண்டும் செய்யத் தேவையில்லையா?" என்று கேட்டார். "ஒண்டும் தேவையில்ல, பூட்டினாச் சரி" என்று சொன்னேன். பெட்டியில் அப்படித்தான் இருந்தது. எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் இரவு கடுகண்ணாவ ஏற்றத்தில் ஒரு லொறியை முந்துவதற்கு முழுதாக மிதித்திருக்கிறார். ஒரு சத்தம், பின்னால் நீலப் புகை. எஞ்சினை இறக்கிப் பார்த்தபோது ஒரு பிஸ்டனில் ரிங் உட்காரும் காடி உடைந்து, துண்டு சிலிண்டர் சுவரைக் கீறியிருந்தது. எஞ்சின் முடிந்தது. அவருடைய பாஸ் ஒரு சிங்கள மனிதர், பெரிய படிப்புப் படித்தவரில்லை. ஆனால் அவர் பிஸ்டனை ஒரு கையிலும் நான் விற்ற பைப்பை மறுகையிலும் எடுத்துக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார். சண்டை பிடிக்கவில்லை. கவுண்டரில் இரண்டையும் வைத்துவிட்டு, வேர்ணியர் ஒன்று கேட்டு, பழைய பைப்பையும் புதிய பைப்பையும் அளந்து காட்டினார்.

அவர் காட்டியதை நம்முடைய பாஷையில் சொல்கிறேன். இந்த வாகனங்களில் காற்று வரும் வழியில் சூடாக்கிய மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. போகும் காற்று அதைக் குளிரவைக்கும். எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்து எவ்வளவு காற்று போகிறது என்று கம்பியூட்டர் கணிக்கும். அந்தக் கணக்குக்கு ஏற்பப் பெற்றோல் விடும். ஆனால் கம்பி முழுப் பைப்பையும் அளப்பதில்லை, ஓரிடத்தில் போகும் காற்றைத்தான் அளக்கிறது. மீதியைப் பைப்பின் அகலத்தை வைத்துக் கம்பனியில் முன்பே எழுதிவைத்த அட்டவணை சொல்கிறது. உதாரணத்துக்கு, 65 மில்லிமீற்றர் பைப்பைக் கழற்றிவிட்டு 75 மில்லிமீற்றர் பைப்பைப் போட்டால், வழி மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். அதே காற்று அகன்ற வழியில் மெதுவாகப் போகும். கம்பி அதைக் குறைந்த காற்று என்று எடுத்துக்கொள்ளும். கம்பியூட்டர் பெற்றோலைக் குறைக்கும்.

சாதாரண ஓட்டத்தில் இது வெளியே தெரியாது. சைலன்சர் பைப்பில் இருக்கும் ஒட்சிசன் சென்ஸர் பிழையைப் பிடித்து, ஓரளவு வரை திருத்திவிடும். ஆகையால் முதல் இரண்டு மாதமும் அந்த வாகனம் அழகாக ஓடியது. முழுதாக மிதிக்கும்போது அந்தத் திருத்தம் நின்றுவிடும். கம்பியூட்டர் அட்டவணையை மட்டும் நம்பும். காற்று நிறைய, பெற்றோல் குறைய, டர்போ அழுத்தம் உச்சத்தில். பெற்றோல் தன் நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றி, பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல அடிக்கும். பாஸ்மார் நொக்கிங் என்று சொல்வது இதைத்தான். ஏற்றத்தில் சுமையோடு ஏறும் டர்போ வாகனத்துக்கு அந்த அடி சில செக்கன் போதும்.

இதற்கு மேல் நம்முடைய எரிபொருள் கதை வேறு. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வேக வாகனங்கள் அங்கே விற்கும் 100 ஒக்டேன் அளவான பெற்றோலுக்குக் கணக்குப் போட்டவை. நமது செட்டில் பொதுவாகக் கிடைப்பது 92உம் 95உம். அதாவது எந்தக் கூம்பும் பூட்டாமலே அந்த எஞ்சின் இங்கே விளிம்பில்தான் நிற்கிறது.

அக்குறணைத் தம்பி ஒரு வாரம் கழித்து வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "விக்கிற நேரம் இது உங்களுக்குத் தெரியுமா நானா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். உண்மையும் அதுதான். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் 18,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தேன். எஞ்சினுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அன்று என் கையில் அவ்வளவு இருக்கவுமில்லை. இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாமானின் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தெரிந்த குறையை மறைத்தால் அது என்னவென்று எல்லாருக்கும் தெரியும். விற்கிற சாமானைத் தெரிந்துகொள்ளாமலே இருந்து, கேட்டபோது "ஒண்டும் தேவையில்ல" என்று தைரியமாகச் சொன்னதை என்னவென்று சொல்வது?

அதற்குப் பிறகு எந்த வாகனம் எப்படிக் காற்றை அளக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். எல்லா வாகனமும் இப்படியில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ஹொண்டா சிவிக் டைப் ஆர், முதலாவதாக வந்தது, பி16 எஞ்சின், பைப்பில் போகும் காற்றை அளப்பதில்லை. உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்து கணக்குப் போடுகிறது. அதில் பைப்பை மாற்றினால் கம்பியூட்டர் இப்படி ஏமாறாது. பழைய மிட்சுபிஷி லான்சர் எவலூஷன்களில் இன்னொரு விதம். காற்றில் உண்டாகும் சின்னச் சின்னச் சுழிகளை எண்ணுகிற மீற்றர், பில்டர் பெட்டியோடு சேர்ந்தே வருகிறது. பெட்டியைக் கழற்றிக் கண்ட கூம்பைப் பூட்டினால் காற்று குழம்பி வரும், எண்ணிக்கை பிழைக்கும். ஒரே சாமானை மூன்று வாகனக்காரருக்கு விற்றால், ஒருவருக்கு ஒன்றும் ஆகாது, ஒருவருக்கு ஐட்லிங் ஆடும், ஒருவருக்கு எஞ்சின் போகும். "எல்லாத்துக்கும் போடலாம்" என்ற நம் வாய்ப்பாட்டுக்கு அர்த்தம் இவ்வளவுதான்.

பைப்பின் மூக்கை எங்கே வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். குளிர் காற்று வேண்டும் என்று சிலர் நீளப் பைப் போட்டு, பில்டரை முன் பம்பருக்குள் கீழே இறக்கிவிடுகிறார்கள். சூட்டுப் பிரச்சினைக்கு அது நல்ல வைத்தியம்தான். வரண்ட நாட்டில் என்றால் நானும் சரியென்பேன். கொழும்பில் ஒரு மணித்தியாலம் மழை பெய்தால் எந்தெந்தத் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பில்டர் தண்ணீரில் மூழ்கினால் எஞ்சின் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும்.

கழுவிப் பாவிக்கும் பருத்தித் துணி பில்டர்களுக்கு ஒயில் பூச வேண்டும். கூடுதலாகப் பூசினால் நல்லது என்று நினைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒயில் போய்ச் சூட்டுக் கம்பியில் படிந்தால் அளவு மறுபடியும் பிழைக்கும். பில்டரோடு எத்தனை துளி, எவ்வளவு நேரம் காயவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். நாம் சொல்வதில்லை. பூசாமல் விட்டால் தூசி உள்ளே போகும். காற்றோட்டத்தைக் கூட்டும் பருத்திப் பில்டர் பொதுவாகக் கடதாசிப் பில்டரைவிடத் தூசியைக் கொஞ்சம் கூடுதலாகவே விடும். இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டால் மற்றதைக் கொஞ்சம் இழக்க வேண்டும். ISO 5011 என்று இதற்கொரு சர்வதேசச் சோதனை முறையே இருக்கிறது. நல்ல கம்பனிகள் அந்த முறையில் எடுத்த அளவை வெளியிடும்.

பெட்டியில் "பெற்றோல் மிச்சம்" என்று போட்டிருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கம்பியூட்டர் உள்ள இன்றைய பெற்றோல் வாகனங்களில் அடைபட்ட பில்டரைப் புதிதாக்கினாலும் எரிபொருள் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று கண்டார்கள். வேகம் எடுப்பது மட்டும் நன்றானது. காபரேட்டர் வைத்த பழைய வாகனத்தில்தான் பெற்றோலும் மிச்சமானது. அழுக்குப் பில்டரை மாற்றியே மிச்சமில்லை என்றால், நல்ல பில்டரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டு என்ன மிச்சம்? இதைச் சொல்லி விற்கும் கடைக்காரர்கள் நிறுத்தினால் நல்லது.

போலிச் சாமான் பற்றி ஒரு வார்த்தை. பெயர்பெற்ற பில்டர்களின் போலி, பெட்டியோடு, ஒட்டுக் கடதாசியோடு வருகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும் என்று சிலர் சொல்கிறார்கள். பருத்தித் துணியில் நல்லதிலும் வெளிச்சம் தெரியும், அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். றப்பர் விளிம்பையும் கம்பி வலை ஒட்டியிருக்கும் விதத்தையும் கிளிப்பையும் பாருங்கள். வலையிலிருந்து ஒரு கம்பித் துண்டு உடைந்து டர்போவுக்குள் போனால் அதன் சிறகு சும்மா இருக்காது. யாரிடம் வாங்கினோம் என்ற பில் இல்லாத சாமானை நான் எடுப்பதை நிறுத்திப் பல வருடமாகிறது.

இனி என் மகனின் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவும் சொன்னால் வியாபாரம் எங்கே? கணக்கைப் பார்ப்போம். பில்டர் செட் ஒன்றில் எனக்கு மிஞ்சுவது சில ஆயிரம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் ரூபா விழுந்தது. 2025இல் இறக்குமதி மறுபடி திறந்தாலும் வரியும் விலையும் எல்லாருக்கும் தெரிந்தவை. இருபது வருடப் பழைய டபிள்யூ.ஆர்.எக்ஸ். வைத்திருப்பவருக்கு இன்று அந்த எஞ்சின் போனால் இன்னொன்று தேடிப் பிடிப்பதே ஒரு வேலை. அந்த எஞ்சின் ஓடும் வரைக்கும் அவர் என்னிடம் பிரேக் பேட் வாங்குவார், பெல்ட் வாங்குவார், பிளக் வாங்குவார். சில ஆயிரத்துக்காக அந்த எஞ்சினைக் கொல்லும் சாமானை நானே கொடுப்பது எந்த வகையில் கெட்டித்தனம்?

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய பெட்டிக்குள்ளேயே பொருந்தும் நல்ல பில்டர் இருக்கிறது, பைப் மாறாது, சென்ஸர் ஏமாறாது. வலு கொஞ்சம் கூடினால் கூடும், கூடாவிட்டாலும் கெடுதி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு நான் அதைத்தான் கொடுக்கிறேன். உண்மையிலேயே ஓட்டப் போட்டிக்குத் தயாராக்குகிறவர், டர்போவும் எக்ஸோஸ்டும் மாற்றி, டைனோவில் ஏற்றிக் கம்பியூட்டரையும் புதிதாக எழுதப் போகிறார் என்றால், அவருக்குப் பெரிய பைப் தேவைதான். எடுத்துக்கொள்ளட்டும். சத்தம் மட்டும் வேண்டும் என்கிறவர்களும் உண்டு. அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, எனக்கும் அந்த விசில் பிடிக்கும். சத்தத்தைச் சத்தம் என்று சொல்லி விற்கலாம். குதிரைவலு என்று பெயர் வைத்து விற்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஆனால் மகன் சொன்னதில் ஒன்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. நான் ஒருவன் கேள்வி கேட்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குத்தான் போகிறார். அந்தத் தம்பியின் எஞ்சினை நான் காப்பாற்றவில்லை, என் கையை மட்டும் கழுவிக்கொண்டேன். எங்கள் வரிசையில் இந்தச் சாமான் விற்கும் கடைகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். எல்லாரும் தெரிந்தவர்கள், ஒன்றாகத் தேநீர் குடிப்பவர்கள். எல்லாரும் அதே கேள்விகளைக் கேட்டால் வாங்க வருகிறவர் எங்கே போவார்? இரண்டு பேரிடம் பேசினேன். ஒருவர் சரியென்றார். மற்றவர் சிரித்துக்கொண்டு, "ஹாஜியார், நீங்க முதல்ல ராக்கையில இருக்கிற ரெண்டு பெட்டியையும் வித்து முடிச்சிட்டுத்தானே பேச வாறீங்க" என்றார்.

அந்த இரண்டு பெட்டியும் இன்னும் இருக்கின்றன. வாகனம் எப்படிக் காற்றை அளக்கிறது, கம்பியூட்டர் டியூன் செய்ததா, என்ன பெற்றோல், மூக்கு எங்கே வரும் என்ற கேள்விகளை ஒரு மட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரும்படி மகனிடம் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே அழகாக எழுதித் தந்தான். தந்துவிட்டு அதை ஒயில் டின்களுக்குப் பின்னால் மாட்டினான். நேற்று நான் அதைக் கழற்றி பில் புத்தகத்துக்குப் பக்கத்தில், கவுண்டரில் ஒட்டியிருக்கிறேன். அவன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.